பாதியில் அறுந்த ஸ்கிரிப்ட்

இணையம் எட்டாத ஊருக்கும் ஒரு நூலகத்தைக் கொண்டுபோக இன்று உள்ளங்கை அளவுக் கணினி ஒன்று போதும். ராஸ்பெர்ரி பை என்னும் அந்தக் கணினியில் ‘இன்டர்நெட்-இன்-எ-பாக்ஸ்’ என்ற கட்டற்ற மென்பொருளை நிறுவிவிட்டால், அது தானே ஒரு வைஃபை வலையமைப்பை உண்டாக்கிக்கொள்ளும். பக்கத்திலுள்ள கைப்பேசிகளும் மடிக்கணினிகளும் அதில் இணைந்து, கிவிக்ஸ் வழியாக விக்கிப்பீடியாவையும் கோலிப்ரி வழியாகப் பாடங்களையும் வெளி இணையம் இல்லாமலே படிக்கலாம். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இப்போது ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. அத்தனையும் ஒரு எஸ்டி கார்டில் அடங்கும்.

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களுக்கு இது பொருந்தும் என்று நெடுநாளாக நினைத்துவருகிறேன். 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தோட்டம், அதற்கு வடக்கே சுங்கை பாலாஸ், 1933-இல் தொடங்கிய பாரத் தோட்டம் என்று நீளும் இந்தச் சரிவுகளில் கொழுந்து பறித்துப் பிழைத்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்காகவே இங்கே தமிழ்ப்பள்ளிகள் எழுந்தன. மலேசியக் கல்வி அமைச்சின் கணக்கில் 150 மாணவருக்குக் குறைவாக இருந்தால் அது குறைந்த மாணவர் பள்ளி. நாடெங்கும் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பலவும் இந்த வகைதான். கணினிக்கென்று தனி ஆள் அங்கே இருக்க மாட்டார். கணிதம் சொல்லித்தரும் ஆசிரியரே வகுப்பு முடிந்தபின் வயர்களோடு உட்கார வேண்டும். மலையில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அக்டோபரிலும் நவம்பரிலும் அது கொட்டித் தீர்க்கும். மண் சரியும், மரம் விழும், கரண்ட் போகும், இணைப்பு அறும்.

இப்படியொரு பள்ளி எதற்காகச் சொந்தமாக ஒரு சர்வர் வைத்துக்கொள்ள வேண்டும்? மலேசியப் பள்ளிகளில் 1பெஸ்தாரிநெட் திட்டத்தோடு வந்த ஃபிராக் விஎல்இ என்னும் கற்றல் தளம் 2019-இன் நடுவில் விடைபெற்று, அந்த இடத்துக்குக் கூகுள் கிளாஸ்ரூம் வந்தது. முடிவு மேலிடத்தில் எடுக்கப்படுகிறது. கீழே இருக்கும் பள்ளி மாறிக்கொள்ள வேண்டியதுதான். தன் அலமாரியில் தானே வைத்துக்கொண்ட பெட்டியை எவரும் அப்படி மாற்றிவிட முடியாது. ஆனால் அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பள்ளியில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அந்த அறிவு, மென்பொருளை நிறுவும் கட்டளைகள் வரிசையாக எழுதப்பட்ட கோப்பான நிறுவல் ஸ்கிரிப்டை வாசிப்பதில் தொடங்குகிறது.

மென்பொருளின் நிறுவல் ஆவணத்தைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் ஒரே வரி. ‘கர்ல்’ என்ற கட்டளை ஒரு இணைய முகவரியிலிருந்து கோப்பை இறக்குகிறது. நடுவே ஒரு செங்குத்துக் கோடு. அதற்கடுத்து ‘பேஷ்’. இறங்குவதை அப்படியே பேஷின் வாயில் ஊட்டு என்பது அந்தக் கோட்டின் பொருள். பேஷ் தனக்கு வரும் வரிகளை ஒவ்வொன்றாக நிறைவேற்றும் நிரல். இன்டர்நெட்-இன்-எ-பாக்ஸும் இப்படித்தான் நிறுவப்படுகிறது. விளம்பரங்களைத் தடுக்கும் பை-ஹோலும் இந்த வழியைத்தான் முதலில் காட்டுகிறது. பை-ஹோலின் ஆவணத்தில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு: இப்படி நேராக பேஷுக்குள் ஊற்றுவது சர்ச்சைக்குரியது, என்ன ஓடப்போகிறது என்று வாசிக்க விடாமல் செய்துவிடுகிறது என்று அவர்களே எழுதிவிட்டு, முதலில் இறக்கி வாசித்துப் பிறகு ஓட்டும் வழியையும் கீழே தருகிறார்கள்.

மலையில் இந்த ஒற்றை வரிக்கு இன்னொரு ஆபத்து உண்டு. கோப்பு முழுவதும் இறங்கட்டும் என்று பேஷ் காத்திருப்பதில்லை. முதல் வரி வந்ததுமே வேலையைத் தொடங்கிவிடும். பாதியில் இணைப்பு அறுந்தால், கோப்பு அவ்வளவுதான் என்று எண்ணிக்கொண்டு, கடைசியாகக் கைக்கு வந்த துண்டு வரியையும் நிறைவேற்றிவிட்டுத்தான் நிற்கும். அந்தத் துண்டு என்னவாக இருக்கலாம் என்று பாருங்கள். ‘/வார்/டெம்ப்/பழைய-நிறுவல்’ என்ற அடைவைக் கேள்வி கேட்காமல் அழி என்று ஸ்கிரிப்டில் ஒரு வரி இருக்கிறது. அதன் முதல் சாய்கோட்டையும் ‘வார்’ என்ற சொல்லையும் தாண்டியதும் இணைப்பு போய்விட்டது. இப்போது பேஷின் கையில் இருக்கும் கட்டளை ‘/வார்’ அடைவை அழி என்பது. சர்வரின் தரவுத்தளங்களும் பதிவுகளும் இருக்கும் இடமே அதுதான். எழுதியவர் எந்தப் பிழையும் செய்யவில்லை, கெட்ட எண்ணமும் இல்லை. கேமரன் மலையின் ரிங்லெட் ஊரில் இணைப்பு ஒரு நொடி அறுந்தது, அவ்வளவே.

இதற்குத் தீர்வு பழையது, எளியது. ஸ்கிரிப்ட் முழுவதையும் அடைப்புக்குறிக்குள் ஒரு செயற்கூறாக எழுதிவிட்டு, கடைசி வரியில் மட்டும் அந்தச் செயற்கூறைக் கூப்பிட வேண்டும். பாதியில் அறுந்தால் அடைப்புக்குறி மூடப்பட்டிருக்காது. பேஷ் இலக்கணப் பிழை என்று சொல்லி எதையும் தொடாமல் நின்றுவிடும். டாக்கர் என்ற மென்பொருளை நிறுவும் ஸ்கிரிப்டில், பாதிக் கோப்பு மட்டும் வந்துவிட்டால் காப்பாற்றுவதற்காகவே இப்படிச் சுற்றியிருக்கிறோம் என்று ஒரு குறிப்பே இருக்கிறது. ரஸ்ட் மொழியை நிறுவும் ஸ்கிரிப்டும் அப்படித்தான். ஆகவே எந்த நிறுவல் ஸ்கிரிப்ட் கைக்கு வந்தாலும் நான் முதலில் பார்ப்பது அதன் கடைசி வரியை. அங்கே ஒரு செயற்கூறின் பெயர் மட்டும் தனியாக நின்றால், எழுதியவர் மோசமான இணைப்பை நினைத்துப் பார்த்திருக்கிறார் என்று பொருள்.

அடுத்த கேள்வி: இதை இரண்டாம் முறை ஓட்டினால் என்ன ஆகும்? நகரத்தில் இருப்பவர்கள் கேட்க மறக்கும் கேள்வி இது. அவர்களுக்கு முதல் முறையே முடிந்துவிடும். மலையில் நிறுவல் நடுவில் கரண்ட் போகும், திரும்ப வரும், ஆசிரியர் மறுபடியும் அதே வரியைத் தட்டுவார். அமைப்புக் கோப்பின் கடைசியில் இந்த வரியைச் சேர் என்று மட்டும் ஸ்கிரிப்டில் இருந்தால், மூன்று முறை ஓட்டியபின் அந்த வரி மூன்று முறை இருக்கும். சில நிரல்கள் அதைப் பொறுத்துக்கொள்ளும், சில தொடங்கவே மறுக்கும். இந்த அடைவை உருவாக்கு என்று இருந்தால், அடைவு ஏற்கெனவே இருக்கிறது என்ற பிழையோடு இரண்டாம் ஓட்டம் நிற்கும். நல்ல ஸ்கிரிப்ட் ஒவ்வொரு படியிலும் ‘ஏற்கெனவே இருக்கிறதா’ என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்கும். இன்டர்நெட்-இன்-எ-பாக்ஸின் உள்வேலை அன்சிபிள் என்ற கருவியை வைத்து நடக்கிறது. எத்தனை முறை ஓட்டினாலும் முடிவு ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது அந்தக் கருவியின் அடிப்படைக் கொள்கை. நடுவில் நின்றுபோனால் எந்தக் கட்டளையால் தொடரலாம் என்று ஆவணமும் சொல்கிறது. இப்படிச் சொல்லும் ஆவணத்தை நம்பலாம்.

அழிக்கும் வரிகளைப் பற்றி இன்னும் சற்று நின்று பேச வேண்டும். 2011-இல் பம்பிள்பீ என்ற மென்பொருளின் நிறுவல் ஸ்கிரிப்டில் ஒரு நீண்ட பாதையின் நடுவே ஒரே ஒரு இடைவெளி தவறி விழுந்துவிட்டது. ‘/யூஎஸ்ஆர்’ என்ற சொல்லுக்கும் அதற்கடுத்த பகுதிக்கும் நடுவே இருந்த அந்த இடைவெளி, ஒரு பாதையை இரண்டாகப் பிரித்தது. ஓர் உள்ளடைவை அழிக்க வேண்டிய கட்டளை, கணினியின் பெரும்பகுதி நிரல்கள் இருக்கும் ‘/யூஎஸ்ஆர்’ அடைவையே அழித்தது. 2015 ஜனவரியில் லினக்ஸுக்கான ஸ்டீம் விளையாட்டு மென்பொருளில் வேறு வகைப் பிழை. ஸ்டீம் இருக்கும் அடைவின் பெயரை ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, அந்த மாறிக்குப் பின் ஒரு சாய்கோடு போட்டு, அதற்குள் இருப்பதையெல்லாம் அழி என்று எழுதியிருந்தார்கள். பயனர் ஒருவர் அடைவை வேறிடத்துக்கு மாற்றியிருந்தார், மாறி வெறுமையானது. வெறுமைக்குப் பின் ஒரு சாய்கோடு என்றால் அது கணினியின் வேர். அவருடைய கோப்புகள் போயின. காப்புப் பிரதிக்காகச் செருகியிருந்த வெளி வட்டில் இருந்தவையும் சேர்ந்தே போயின. அந்த வரிக்கு மேலேயே, இது பயமாக இருக்கிறது என்ற பொருளில் ஒரு சொல்லை எழுதியவர் குறித்துவைத்திருந்தார்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பேஷில் சில பாதுகாப்பு அமைப்புகள் உண்டு: பிழை வந்ததும் நில், வரையறுக்காத மாறியைக் கண்டால் நில், செங்குத்துக் கோட்டால் இணைத்த கட்டளைகளில் நடுவே ஒன்று தோற்றாலும் தோல்வி என்றே எண்ணு. ஸ்கிரிப்டின் தலையில் இவை மூன்றும் இருந்தால் பலர் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். ஆனால் ஸ்டீமின் மாறி வரையறுக்கப்பட்டிருந்தது, அதற்குள் ஒன்றும் இல்லை என்பதுதான் சிக்கல். இரண்டாவது அமைப்பு இதைப் பிடிக்காது. மாறியின் பெயருக்கு அடுத்து ஒரு முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் இட்டால், வெறுமையாக இருந்தாலும் பேஷ் அந்த இடத்திலேயே நின்றுவிடும். இரண்டே குறிகள். விடார் ஹோலன் எழுதிய ஷெல்செக் என்ற இலவசக் கருவியிடம் ஸ்கிரிப்டைக் கொடுத்தால் இந்த இடத்தைச் சுட்டிக்காட்டி இதே திருத்தத்தைச் சொல்லும். பேஷ் ஆழமாகத் தெரியாத ஆசிரியரும் அதை ஓட்டிப்பார்க்கலாம். முழு ஸ்கிரிப்டும் புரியாவிட்டாலும், அழிக்கும் கட்டளைகளை மட்டும் தேடியெடுத்து ஒவ்வொன்றிலும் என்ன மாறி இருக்கிறது, அது வெறுமையாகுமா என்று கேட்பது எவராலும் முடியும்.

கடிகாரம் இன்னொரு தொல்லை. ராஸ்பெர்ரி பை 4 வரைக்கும் அந்தக் கணினிகளில் மின்சாரம் இல்லாதபோதும் ஓடும் கடிகாரம் கிடையாது. 2023-இல் வந்த பை 5-இல் உண்டு, பேட்டரியைத் தனியே வாங்கிப் பொருத்த வேண்டும். பள்ளி விடுமுறை முழுவதும் அணைந்து கிடந்த பெட்டி, எழும்போது தான் கடைசியாக அணைந்த நாளையே இன்று என்று எண்ணும். இணையத்தோடு சேர்ந்து நேரத்தைத் திருத்திக்கொள்ளச் சற்று நேரம் பிடிக்கும். அதற்குள் நிறுவல் ஸ்கிரிப்டைத் தொடங்கினால், தொகுப்புகளின் பட்டியல் ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்ற பிழை வரும். பட்டியல் எதிர்காலத் தேதியில் கையெழுத்தானதாகக் கணினிக்குத் தோன்றுகிறது. ஆசிரியர் இணைப்பைச் சந்தேகிப்பார், கேபிளை மாற்றுவார், எஸ்டி கார்டைச் சந்தேகிப்பார். முதலில் தேதியைச் சரிபாருங்கள் என்று ஆவணத்தில் ஒரு வரி இருந்தால் ஒரு மாலைப்பொழுது மிஞ்சும். அந்த ஒரு வரியைச் சேர்ப்பதும் ஆவணச் சரிபார்ப்புதான். நிரலில் பிழை கண்டுபிடிப்பதற்குக் குறைந்த வேலை என்று நான் நினைக்கவில்லை.

இனி நம்பகம். கோட்காவ் என்ற நிறுவனத்தின் பேஷ் ஸ்கிரிப்டில் 2021 ஜனவரி 31 முதல் யாரோ ஒரே ஒரு வரியை மாற்றிவைத்திருந்தார்கள். அதை ஓட்டிய கணினிகளின் ரகசியச் சாவிகள் அந்த ஒரு வரி வழியே வெளியே போயின. ஏப்ரல் 1 அன்று வாடிக்கையாளர் ஒருவர் கண்டுபிடித்தார். அவர் செய்தது இவ்வளவுதான்: இறங்கிய கோப்பின் ஹேஷ் எண்ணையும் வெளியிடப்பட்டிருந்த எண்ணையும் ஒப்பிட்டார், இரண்டும் வேறாக இருந்தன. கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் ஹேஷ் முற்றிலும் மாறிவிடும் என்பதுதான் அதன் அடிப்படை. ஆனால் எண் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் இணையதளத்துக்குள் புகுந்தவர்கள் கெட்ட வட்டுக் கோப்புக்குப் பயனர்களைத் திருப்பிவிட்டார்கள். கோப்புக்கான இணைப்பை மாற்ற முடிந்தவருக்கு, அதே பக்கத்தில் இருக்கும் எண்ணையும் மாற்ற முடியும். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற நிரல் நூலகத்தில் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் கண்டுபிடித்த பின்வாசல் இன்னும் நுட்பமானது: எல்லாரும் பார்க்கும் மூல நிரலில் அதைத் தூண்டிவிடும் கோப்பே இல்லை, வெளியீட்டுத் தொகுப்புக்குள் மட்டும் இருந்தது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் நுழைவுக்கு அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று அவர் உறுத்தலோடு தோண்டியதால் அகப்பட்டது. ஒரு தோட்டப் பள்ளி ஆசிரியரிடம் இதையெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது. ஹேஷை ஒப்பிடுவதை எதிர்பார்க்கலாம்.

ஆவணத்தில் அவசியம் தேட வேண்டியவை இரண்டு. ஒன்று, முன்னிருப்புக் கடவுச்சொல். இன்டர்நெட்-இன்-எ-பாக்ஸின் நிர்வாகிக்கான கடவுச்சொல் ஆவணத்திலேயே அச்சாகி இருக்கிறது, மாற்றச் சொல்லியும் இருக்கிறது. அதை மாற்றாத பெட்டியைக் கெட்டிக்கார ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஒரே இடைவேளையில் கைப்பற்றிவிடுவான். ராஸ்பெர்ரி பை நிறுவனமே 2022 ஏப்ரலில் பொதுவான பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் கைவிட்டுவிட்டது. மற்றொன்று, போர்ட்டுகள் என்னும் கதவுகளில் எவை திறக்கின்றன என்பது. யூஎஃப்டபிள்யூ என்ற தீயரணைப் போட்டுவிட்டோம், இனிக் கவலையில்லை என்று இருப்பவர்களுக்கு, டாக்கர் வெளியிடும் போர்ட்டுகள் அந்தத் தீயரணைச் சுற்றிக்கொண்டு திறக்கும் என்பது தெரிவதில்லை. டாக்கரின் சொந்த ஆவணத்தில் இது இருக்கிறது. டாக்கரை வைத்து நிறுவும் மற்ற மென்பொருள்களின் வழிகாட்டியிலும் இருந்தால்தான் நிறுவுபவரின் கண்ணில் படும்.

தமிழுக்கென்று தனியாக ஒரு சோதனை தேவைப்படுகிறது. லினக்ஸில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். கொக்கி, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியீடுகள். ‘தமிழ்மொழி’ என்று எழுதிப் பாருங்கள். நமக்கு அது ஐந்து எழுத்து. கணினிக்கு ஒன்பது குறியீடு, 27 பைட். இந்தக் கணக்கில் 47 எழுத்துகளோடு பெயர் முடிந்துவிடும். நூலின் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு என்று நீளமாகப் பெயரிடும் நம் வழக்கத்துக்கு இது போதாது. இன்னொன்று: அதே சொல்லில் உள்ள ‘மொ’வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடே தெரியாது. ஒரு கணினியில் ஒருவிதமாகவும் இன்னொன்றில் மற்றவிதமாகவும் சேமித்த கோப்புகளை ஒரே அடைவில் போட்டால், ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் நிற்கும். தேடினால் ஒன்றுதான் கிடைக்கும். ஸ்கிரிப்டை எழுதியவர் தமிழ்ப் பெயரில் ஒரு கோப்பையாவது வைத்துச் சோதித்தாரா என்று பார்ப்பது நம்மைத் தவிர வேறு எவருக்கும் தோன்றப்போவதில்லை.

தமிழர்கள் இந்த வேலைக்குப் புதியவர்கள் அல்லர். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980-களிலேயே முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கினார். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் சேர்த்துவரும் நூலகம் மின்னூலகம் மீடியாவிக்கியில் ஓடுகிறது, அதன் ஆவணகம் ஐலண்டோராவில் ஓடுகிறது. இரண்டுமே எவரும் நிறுவிக்கொள்ளத்தக்க கட்டற்ற மென்பொருள்கள். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில், 2007-இல் வந்த 4.0 பதிப்பு தொட்டே அதன் நிறுவியைத் தமிழில் பார்க்க முடிகிறது, ஆனால் வரைகலைத் திரையில் மட்டும். கறுப்புத் திரையான கன்சோலில் அதிகபட்சம் 512 எழுத்து வடிவங்களுக்குத்தான் இடம். தமிழின் கூட்டெழுத்து அமைப்பு அங்கே சரியாக விழாது. ஆகவே பிழைச்செய்திகள் ஆங்கிலத்திலேயே வரும் என்பதை ஏற்றுக்கொண்டு, அவற்றுக்கான விளக்கத்தைத் தமிழில் தாளில் எழுதிவைப்பதே நடைமுறை.

அந்தத் தாளோடு, மென்பொருளை உருவாக்குபவர்களுக்கு ஒரு அறிக்கையும் போக வேண்டும். எந்தப் பை, இயங்குதளத்தின் எந்தப் பதிப்பு, ஓட்டியது முதல் முறையா இரண்டாம் முறையா, எந்த வரியில் நின்றது, திரையில் வந்தது என்ன என்று இருந்தால் போதும். ஆங்கிலம் எளிமையாக இருந்தால் ஒன்றும் குறைவில்லை. மழையில் இணைப்பு அறுந்து, மீண்டும் ஓட்டியபோது இந்த இடத்தில் நின்றது என்ற தகவல், அறாத ஃபைபரில் உட்கார்ந்து சோதிப்பவருக்குத் தானாகக் கிடைக்காது. ஸ்கிரிப்ட் ஒழுங்காக ஓடி முடிந்தபின், எஸ்டி கார்டை இன்னொரு கார்டில் அப்படியே நகலெடுத்து, அந்த நகலைப் போட்டுப் பெட்டி எழுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். கரண்ட் திடீரென்று போகும் இடத்தில் முதலில் பழுதாவது எஸ்டி கார்டுதான். எழுந்து காட்டிய நகலின் மேல் தேதியை எழுதி ஒட்டி, பெட்டியிலிருந்து தள்ளி, ஈரம் படாத அலமாரியில் வைக்கலாம்.